படைப்பின் உரிமையும் பதிவுச் சான்றும்

வீட்டுக் கிரயப் பத்திரத்தைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கிறோம். வைப்புத்தொகை ரசீதில் நியமனதாரர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறோம். ஆனால், பத்து ஆண்டுகள் உழைத்து எழுதிய நாவலின் கையெழுத்துப் படி பரணில் கிடக்கும். மெட்டமைத்த பாடலின் முதல் ஒலிப்பதிவு பழைய கைப்பேசி ஒன்றில் உறங்கும். அவையும் சொத்துத்தான் என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு எளிதில் தோன்றுவதில்லை. சட்டமோ ஐயத்துக்கு இடமின்றி அவற்றைச் சொத்தாகவே கொள்கிறது. படைப்பின் உரிமையை விற்கலாம்; வீட்டை வாடகைக்கு விடுவதுபோலக் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வழங்கலாம்; உயிலில் எழுதி வைக்கலாம். வங்கிகளின் கடன் வசூல் தொடர்பாக 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சர்ஃபேசி சட்டம் ‘சொத்து’ என்னும் சொல்லுக்கு விளக்கம் தரும்போது, அசையும் சொத்து, அசையாச் சொத்து ஆகியவற்றோடு பதிப்புரிமையையும் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது.

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. நாளிதழ்களில் ‘காப்புரிமை’ என்னும் ஒரே சொல் பல பொருள்களில் வழங்குவதைக் காண்கிறோம். புதிய கண்டுபிடிப்பை ஆராய்ந்து அரசு அளிப்பது காப்புரிமை. நூல், பாடல், ஓவியம், ஒளிப்படம், நாடகம், திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. கடைப் பலகையில் உள்ள பெயரும் சின்னமும் வணிகக் குறிச் சட்டத்தின் கீழ் வருவன. மூன்றுக்கும் சட்டம் வேறு, காலவரம்பு வேறு, படிவமும் வேறு. இக்கட்டுரை பதிப்புரிமையைப் பற்றியது.

உரிமை எப்போது பிறக்கிறது?

படைப்பாளர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது: “பதிவு செய்யாவிட்டால் என் கதைக்கு எனக்கு உரிமை இல்லையா?” உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சொந்த உழைப்பில் உருவான படைப்பு எழுத்திலோ ஒலியிலோ வரைகோட்டிலோ வடிவம் பெற்ற கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. விண்ணப்பமோ கட்டணமோ முத்திரையோ அதற்கு வேண்டுவதில்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சலுகையன்று. பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொண்ட நெறி இது. இந்தியா அதில் 1928 முதல் உறுப்பு நாடு.

ஆயினும், எதற்கு உரிமை பிறக்கிறது என்பதில் கவனம் வேண்டும். மனத்தில் தோன்றிய கருவுக்கு அன்று. அக்கருவுக்குப் படைப்பாளர் கொடுத்த வடிவத்துக்கே உரிமை. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்னும் நாடகத்தை எழுதிய ஆர்.ஜி. ஆனந்த், 1956இல் வெளியான ‘நியூ டெல்லி’ திரைப்படம் தம் நாடகத்தின் நகல் என்று வழக்குத் தொடுத்தார். இரண்டும் மாநிலப் பற்று முற்றி வெறுப்பாக மாறுவதைக் காட்டியவை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1978இல் முடிந்தது. கரு பொதுவானது, அதைக் கையாண்ட முறையும் காட்சிகளும் வேறுபட்டவை, ஆகவே உரிமை மீறல் இல்லை என்பது தீர்ப்பு. தலைப்புக்கும் இதே நிலைதான். ‘தேசி பாய்ஸ்’ என்னும் தலைப்புத் தொடர்பான வழக்கில், தலைப்பு மட்டும் ஒரு படைப்பாகாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே “என்னிடம் அருமையான கதைக்கரு இருக்கிறது, பதிவு செய்து வைக்க வேண்டும்” என்பவருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே: முதலில் எழுதி முடியுங்கள்.

கையெழுத்துப் படியை உறையில் இட்டுத் தமக்குத் தாமே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அஞ்சல் முத்திரையின் தேதி சான்றாகும் என்பது நம்பிக்கை. ஒட்டாத உறையை அனுப்பிவிட்டுப் பின்னர் எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்து ஒட்டலாம் என்பதால், அந்த உறைக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் கிடைக்காது. அந்தச் செலவோடு இன்னும் சில நூறு ரூபாய் சேர்த்தால் முறையான பதிவே கிடைக்கும்.

அப்படியானால் பதிவு எதற்கு?

உரிமை இருப்பது ஒன்று. அதை மெய்ப்பிப்பது வேறொன்று. ஒருவர் தம் நாவலை 2021இல் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். 2023இல் மற்றொருவர் அதே நாவலைச் சில பெயர்களை மட்டும் மாற்றி இணையத் தொடராக எடுத்து, “இது என் சொந்தக் கதை, நான்தான் முதலில் எழுதினேன்” என்கிறார். பதிவு இல்லையெனில் எழுத்தாளர் பழைய குறிப்பேடுகளையும் மின்னஞ்சல்களையும் சாட்சிகளையும் திரட்டித் தம் கட்சியை முதலிலிருந்து நிறுவ வேண்டும். பதிவு இருந்தால் நிலை மாறுகிறது. பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரங்கள் முதல் தோற்றச் சான்றாகக் கொள்ளப்படும் என்று சட்டத்தின் 48ஆம் பிரிவு கூறுகிறது. பதிவேட்டின் சான்றிட்ட நகலைத் தாக்கல் செய்தால் போதும். மூலப் பதிவேட்டைக் கொணர வேண்டியதில்லை. அது பிழை என்று காட்டும் பொறுப்பு எதிர்த் தரப்பின் தோளில் ஏறுகிறது.

பதிவு இல்லாமல் வழக்கே தொடுக்க முடியாதா என்பதில் நீதிமன்றங்களே ஒரு காலத்தில் வேறுபட்டன. பதிவு கட்டாயம் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கூறியது. அதே நீதிமன்றம் 2021இல் சஞ்சய் சோயா வழக்கில், பதிவு கட்டாயமன்று என்று விரிவாக எடுத்துரைத்தது. பதிவு விருப்பத்தைப் பொறுத்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட நிலை. சட்டம் வற்புறுத்தாத ஒன்றைச் செய்துகொள்வது நல்லதா என்று கேட்டால், வருவாய் தரக்கூடிய படைப்புக்கு நல்லது என்றே நாம் கருதுகிறோம். நாட்குறிப்பில் எழுதிய ஒவ்வொரு கவிதைக்கும் அது தேவையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். பதிவுச் சான்று இறுதித் தீர்ப்பன்று. உலகில் எழுதப்பட்ட அனைத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தபின் அதை யாரும் வழங்குவதில்லை. பிறர் படைப்பைத் தமதென்று கூறிப் பதிந்தவரின் பதிவை நீக்குமாறு பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். பொய்யான விவரம் தந்து பதிவு பெறுவது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

விண்ணப்பிக்கும் முறை

பதிப்புரிமை அலுவலகம் புது தில்லி துவாரகாவில் உள்ளது. நாடு முழுமைக்கும் அது ஒன்றே. 2016 முதல் மத்திய வணிக, தொழில் அமைச்சகத்தின் கீழ் அது இயங்குகிறது. அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் உள்ள 14ஆம் படிவமே விண்ணப்பம். படைப்பின் தலைப்பு, மொழி, படைப்பாளரின் பெயரும் முகவரியும் நாட்டுரிமையும், வெளியானதா வெளியாகாததா, வெளியானதெனில் முதலில் வெளியான ஆண்டும் நாடும், உரிமையாளர் யார் என்பன அதில் கேட்கப்படும். இன்னும் அச்சேறாத படைப்பையும் பதியலாம். பின்னர் வெளியானதும் பதிவேட்டில் விவரங்களைத் திருத்திக்கொள்ள வழியுண்டு.

கட்டணம் பலர் அஞ்சும் அளவினதன்று. மேற்கண்ட விதிகளின்படி இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். கணினி நிரலும் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்பே. பொட்டல அட்டை, சின்னம் போன்று பொருள்களின்மேல் பயன்படும் கலைப் படைப்புக்கு 2,000 ரூபாய். ஒலிப்பதிவுக்கும் 2,000 ரூபாய். திரைப்படத்துக்கு 5,000 ரூபாய். ஒவ்வொரு படைப்புக்கும் தனி விண்ணப்பம் வேண்டும்.

‘ஒவ்வொரு படைப்பும்’ என்பதில்தான் பாடல் துறையினர் தடுமாறுகின்றனர். நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் பாடல் சட்டத்துக்கு மூன்று. சொற்கள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. கூடத்தில் பாடிப் பதிந்தது ஒலிப்பதிவு. இசைப் படைப்பு என்பதற்கான சட்ட விளக்கம் பாடப்படும் சொற்களை வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. எனவே மூன்றுக்கும் உரிமையாளர்கள் மூவராக இருக்கலாம். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தம் செலவில் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் இளம் கலைஞர் ஒலிப்பதிவை மட்டும் பதிந்துவிட்டு நிறைவு கொள்ளலாகாது. வேறொருவர் அதே மெட்டை வேறு குரலில் பாடிப் பதியும்போது, உதவப்போவது மெட்டுக்கான பதிவே.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் நாட்குறிப்பு எண் ஒன்று வழங்கப்படும். அதன்பின் ஆட்சேபங்களுக்காக 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. அப்படைப்பில் உரிமை கோரக்கூடியவர், நலன் உடையவர் எனத் தமக்குத் தெரிந்த அனைவருக்கும் விண்ணப்பதாரரே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதி கூறுகிறது. ஆட்சேபம் எழுந்தால் இருதரப்பையும் பதிவாளர் விசாரிப்பார். எழாவிட்டால் விண்ணப்பம் ஆய்வுக்குச் செல்லும். குறை இருப்பின் கடிதம் வரும். அக்கடிதத்துக்கு உரிய காலத்தில் விடையளிக்காமல் விண்ணப்பத்தைக் கைவிடப்பட்டதாக ஆக்கிக்கொள்ள வேண்டாம். மின்னஞ்சலை அடிக்கடி பார்த்து வருவது இங்கே பெரிய உதவி.

எந்த இடங்களில் குறைக் கடிதம் வரக்கூடும் என்பதையும் கூறிவிடலாம். நூலாசிரியர் ஒருவர், பதிப்பாளர் வேறொருவர் எனில் பதிப்பாளரின் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். விண்ணப்பிப்பவர் படைப்பாளராக இல்லாவிட்டால் படைப்பாளரின் கடிதம் வேண்டும். அட்டையில் ஒருவரின் ஒளிப்படம் இருந்தால் அவருடைய ஒப்புதலும் தேவைப்படும். பொருள்களின்மேல் பயன்படும் சின்னத்துக்கு, அதையொத்த குறி வேறெவர் பெயரிலும் இல்லை என்னும் சான்றை வணிகக் குறிப் பதிவகத்திலிருந்து முதலில் பெற வேண்டும். ஊறுகாய், மசாலா, தின்பண்டம் விற்கும் சிறுதொழில் வாடிக்கையாளர்கள் இக்கடைசி நிபந்தனையை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

நெசவு, அச்சுத் துணித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதியத்தக்க ஒரு வடிவத்தை அங்கே பதியாமல், தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருள்களில் படியெடுத்துவிட்டால், அதன் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது 15ஆம் பிரிவு. அவர்கள் செல்ல வேண்டிய வாயில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமே.

கையொப்பத்தில் இழப்பது

இதுவரை கூறியவை வெளியாரிடமிருந்து காத்துக்கொள்வதைப் பற்றியவை. ஆனால் உரிமை கைமாறிப் போவது திருட்டால் மட்டுமன்று. படைப்பாளரே ஒப்பமிட்டுக் கொடுத்த தாள்களாலும் போகிறது. பதிவுச் சான்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியவரும், படிக்காமல் ஒப்பமிட்டால் அதிலிருந்து தப்ப முடியாது.

உரிமையாளர் யார் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். பணி ஒப்பந்தத்தின் கீழ் ஊதியம் பெற்று, அப்பணியின் பகுதியாக உருவாக்கியதன் முதல் உரிமையாளர் நிறுவனமே. வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே. திருமண ஒளிப்படத்தை நிலையத்தார் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்னும் பூசலுக்கு விடை இங்கே இருக்கிறது. எழுத்துப் பணியும் கணினி நிரலும் அப்படியன்று. சுதந்திரமாகப் பணிபுரியும் ஒருவருக்குக் கூலி கொடுத்து நிரல் எழுதி வாங்கிய தொழில்முனைவோர், எழுத்துமூலமான உரிமை மாற்றம் பெறாவிட்டால், பணம் கொடுத்தும் உரிமையாளர் ஆவதில்லை.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். தருபவர் ஒப்பமிட்டிருக்க வேண்டும். வாய்மொழியில் தந்தது செல்லாது. எப்படைப்பு, எவ்வுரிமைகள், எவ்வளவு காலம், எந்நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பன அதில் இடம்பெற வேண்டும். இங்கே சட்டம் படைப்பாளருக்குச் சில கவசங்களைத் தந்துள்ளது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். பரப்புக் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும். பெற்றவர் ஓராண்டுக்குள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல் முடக்கி வைத்தால், வேறுவிதமாக எழுதப்படாதவரை, மாற்றம் காலாவதியாகும். அந்த ‘வேறுவிதமாக’ என்பதற்காகத்தான் ‘உலகம் முழுவதும்’, ‘நிரந்தரமாக’, ‘ஓராண்டு விதி பொருந்தாது’ என்னும் தொடர்கள் அச்சிட்ட ஒப்பந்தங்களில் முன்கூட்டியே காத்திருக்கின்றன. அவற்றை அடித்துத் திருத்தக் கேட்பது படைப்பாளரின் உரிமை. கேட்டால் திருத்தித் தரும் பதிப்பாளர்களும் உண்டு.

பதிப்புரிமை ஒற்றை உரிமையன்று, ஒரு கட்டு. நூலாக வெளியிடல், மொழிபெயர்த்தல், ஒலிநூலாக்கல், மேடையேற்றல், திரைப்படமாக்கல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து விற்கலாம். பாரதியார் 1921இல் மறைந்தபின் அவருடைய பாடல்களை நூலாக வெளியிடும் உரிமை ஒரு கையிலும், இசைத்தட்டில் பதியும் உரிமை வேறொரு கையிலும் இருந்தன. இசைத்தட்டு உரிமையைப் பெற்றிருந்தவர் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியார். 1949இல் சென்னை அரசு உரிமைகளைப் பெற்றது. பின்னர் அப்பாடல்கள் மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. எல்லாருக்கும் அவ்வாறு ஓர் அரசு வந்து வாய்ப்பதில்லை.

திரைப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பட்ட பாடு இதைவிட நீண்டது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் செய்த பாடலுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிடில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் ஒருமுறை வாங்கிய தொகையோடு சரி. பாடல் வானொலியிலும் ஒலிநாடாவிலும் பல ஆண்டுகள் ஒலித்தாலும் வேறெதுவும் வந்து சேராது. இந்நிலை மாற 35 ஆண்டுகள் ஆயின. நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரைப்படத்தில் இடம்பெறும் பாட்டையும் இசையையும் படைத்தவர், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த ஏனைய பயன்பாடுகளுக்கு உரிமைத்தொகையில் சம பங்கு பெறுவார். அப்பங்கைத் தம் வாரிசுகளுக்கோ, பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறெவருக்கும் அவர் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தம் எழுதிய நாளில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதைப் பெயர் சுட்டி எழுதாதவரை, பழைய ஒப்பந்தம் செல்லாது என்பதும் அத்திருத்தம் தந்த நன்மை.

விற்றபின்னும் படைப்பாளரிடமே எஞ்சுவன இரண்டு உள. தாமே படைத்தவர் என்று கூறிக்கொள்ளும் உரிமை ஒன்று. தம் மதிப்புக்கு ஊறு விளையும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை மற்றொன்று. சிற்பி அமர்நாத் சேகல் புது தில்லி விஞ்ஞான் பவனுக்காக அமைத்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. சிற்பம் அரசின் உடைமை என்பதில் ஐயமில்லை. எனினும் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடமே ஒப்படைக்குமாறும், ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் ஆணையிட்டது.

உரிமை மீறப்பட்டால் தடையாணையும் இழப்பீடும் கோரி, தாம் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே படைப்பாளர் வழக்குத் தொடுக்கலாம். எதிராளி மும்பையில் இருக்கிறார் என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. தெரிந்தே மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

வாரிசுகளுக்கு

இலக்கிய, இசை, கலைப் படைப்புகளின் உரிமை படைப்பாளரின் வாழ்நாள் முழுவதும் இருந்து, அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் மேலும் 60 ஆண்டுகள் தொடரும். 2000இல் மறைந்தவரின் நூல்களுக்கு 2060 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு. இக்காலம் முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவுடைமையாக இருந்த வேளையில், அதை 60 ஆண்டாக நீட்டித்தனர். அதனால் விசுவபாரதிக்கு மேலும் பத்தாண்டு கிடைத்தது.

அறுபது ஆண்டு என்பது பேரன் பேத்தி காலம் வரை நீளும் வருவாய். வைப்புக் கணக்குக்கு இருப்பதுபோல் பதிப்புரிமைக்கு நியமனதாரர் முறை இல்லை. உயில் இல்லாவிடில் மற்றச் சொத்துகளைப்போல் வாரிசுரிமைச் சட்டப்படியே பிரியும். நான்கு பிள்ளைகள் இருந்தால், ஒரு மறுபதிப்புக்கு நால்வரின் ஒப்பமும் வேண்டிவரும்; ஒருவர் வெளிநாட்டில் இருந்து விடையளிக்காவிட்டால் நூல் அச்சேறாமலே நின்றுவிடும். வெளியாகாத கையெழுத்துப் படியை ஒருவருக்கு உயிலில் எழுதி வைத்தால், மாறான நோக்கம் தெரியாதவரை, பதிப்புரிமையும் அவரையே சேரும் என்பது 20ஆம் பிரிவு. ஏற்கெனவே வெளியான நூல்களுக்கு அந்த விதி துணை வராது. அவற்றின் உரிமையை உயிலில் தனியே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு படைப்பின் தலைப்பு, பதிவு எண், எவ்வுரிமை யாரிடம் எந்த ஆண்டு வரை தரப்பட்டுள்ளது, உரிமைத்தொகை எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதி, ஒப்பந்த நகல்களோடு கிரயப் பத்திரம் இருக்கும் அதே பெட்டகத்தில் வைத்து, அதை வீட்டில் ஒருவருக்கேனும் தெரிவித்து வைக்கலாம்.